தங்கம் போயிடுச்சு, மலை நிக்குது

கோலார் தங்கவயல்னு சொன்னாலே எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடுவாங்க. 1902லயே கரண்ட் வந்த ஊர், குட்டி இங்கிலாந்து, கிளப், கோல்ஃப் மைதானம், 3 கிலோமீட்டருக்கும் மேல ஆழமான சுரங்கம்... ஆஹா ஓஹோ! (சினிமா வந்தப்புறம் கேட்கவே வேணாம்.)

ஊருக்கு நடுவுல நிக்கிற மண் மலைகளைப் பத்தி மட்டும் யாரும் பாடுறதில்லை. சுரங்கத்துல உழைச்ச தமிழ்க் குடும்பங்களோட லைன் வீடுகளுக்குப் பக்கத்துலயே நிக்குது அது. அங்கே அதுக்குப் பேரு சயனைடு மலை.

விஷயம் ரொம்ப சிம்பிள். ஒரு டன் பாறையில தங்கம் சில கிராம்தான். பாறையை மாவு மாதிரி அரைச்சு, சயனைடு கரைசல்ல ஊற வச்சு, தங்கத்தைக் கரைச்சு எடுத்துக்குவாங்க. மிச்சம் கிட்டத்தட்ட முழு டன்னும் கழிவு. இப்படி நூறு வருஷத்துக்கும் மேல கொட்டினது 13 குவியல், சுமார் 1,003 ஏக்கர், கிட்டத்தட்ட 3.3 கோடி டன். காத்தடிச்சா அந்தத் தூசி வீட்டுக்குள்ள வருது, சோத்துல விழுது, மூச்சுல போகுது.

"அந்தக் காலத்துல அவ்ளோ பிளானிங் எங்கே சார்?"னு சிலர் சப்பைக்கட்டு கட்டுவாங்க. பிளானிங் இல்லையா? ஜான் டெய்லர் கம்பெனி தங்கம் தோண்டின அந்தப் பொட்டல்காட்டுக்கு ரயில் வந்துச்சு. பேத்தமங்கலத்துல இருந்து தண்ணி வந்துச்சு. சிவசமுத்திரத்துல இருந்து 140 கிலோமீட்டருக்கும் மேல கம்பி இழுத்து கரண்டே வந்துச்சு! உள்ளே வர வேண்டிய எல்லாத்துக்கும் திட்டம் இருந்துச்சு. வெளியே கொட்ட வேண்டியதுக்கு மட்டும் இல்லை. இதுக்குப் பேரு அறியாமை இல்லை, கஞ்சத்தனம்.

சரி, வெள்ளைக்காரன் அப்படித்தான். அப்புறம்? 1956ல மைசூர் அரசு எடுத்துக்குச்சு, 1972ல பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் வந்துச்சு, 2001 பிப்ரவரி 28ல மூடிட்டாங்க. அதுக்கு அஞ்சு வருஷம் முன்னாடி, 1996லயே, தோல் ஆலைகள் மேல வேலூர்க்காரங்க போட்ட வழக்குல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிடுச்சு: மாசுபடுத்தினவன்தான் செலவு ஏத்துக்கணும், கெடுத்த இடத்தைச் சரி பண்ற செலவும் அவனோடதுதான்னு. ஆக, "அப்போ சட்டம் இல்லை"ங்கிற பேச்சு இங்கே செல்லாது.

பேகம்பூர்க்காரங்களுக்கு இதை விளக்கவே வேணாம். திண்டுக்கல்லைச் சுத்தி தோல் கப்பல் ஏறிப் போச்சு, உப்பு கிணத்துல தங்கிடுச்சு. கோலார்லயும் அதே கதைதான், சரக்கு மட்டும் வேற.

இப்போ சட்டம் மாறிடுச்சேன்னு கேட்கலாம். மாறிடுச்சு. 2003ல இருந்து சுரங்கத்தை மூடுறதுக்கும் திட்டம் கொடுக்கணும், உத்தரவாதத் தொகை கட்டணும். 2021 திருத்தப்படி பெரிய சுரங்கத்துக்கு ஹெக்டேருக்கு 5 லட்சம். கேட்க நல்லாத்தான் இருக்கு! அந்த 1,003 ஏக்கருக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க. சுமார் 406 ஹெக்டேர், 20 கோடி சொச்சம். 3.3 கோடி டன்னால வகுத்தா டன்னுக்கு 6 ரூபாய். பேகம்பூர்ல ஒரு டீ கூட வராது. ஒரு டன் விஷ மண்ணைக் காலாகாலத்துக்கும் காபந்து பண்ண இது போதுமாம்!

கோளாறு எங்கேன்னா, கணக்கு நிலத்தோட பரப்பைப் பார்க்குது, கொட்டுற எடையைப் பார்க்கலை. குவியல் உயர உயர கம்பெனிக்கு லாபம். டன் கணக்குல பணம் ஒதுக்கச் சொல்லணும், அதுவும் முதல் வெடி வைக்கிறதுக்கு முன்னாடியே. காத்து எந்தப் பக்கம் அடிக்குது, ஓடை எங்கே ஓடுது, அடியில களிமண் போட்டாச்சா, மேல மூடி செடி வைக்க யார் காசு? இதுக்குப் பதில் இல்லாம அனுமதியே தரக்கூடாது.

"இதெல்லாம் செஞ்சா சுரங்கம் கட்டுப்படியாகாது"ன்னு சொல்வாங்க. அப்படின்னா அது எப்பவுமே கட்டுப்படியான தொழில் இல்லை. குறையுற காசை லைன் வீட்டுக்காரன் நுரையீரல் கட்டிக்கிட்டு இருந்துச்சு, அவ்வளவுதான். இடத்தைப் பழைய நிலைக்குக் கொண்டு வர்ற செலவைச் சொத்தோட விலையில சேர்க்கணும்னு இன்னிக்கு இந்தியக் கணக்கியல் தரம் 16 சொல்லுது. பி.காம் பையனுக்கே பாடத்துல வர்ற விஷயம் இது.

இப்போ அந்த 13 மலைக்கும் திடீர் மவுசு. மிச்சம் மீதி தங்கத்தை எடுக்க ஏலம் விடலாம்ங்கிற மத்திய அரசு யோசனைக்கு கர்நாடக அமைச்சரவை 2024 ஜூன்ல சம்மதம் சொல்லிடுச்சு. இருபது வருஷத்துக்கும் மேல மக்கள் இருமினப்போ அசையாத மலை, தங்கம் விலை ஏறினதும் அசையுது!

எடுங்க, வேணாம்னு யாரும் சொல்லலை. ஆனா தங்கத்தை எடுத்தப்புறமும் அந்த 3.3 கோடி டன் அப்படியே இருக்கும். ஏல நோட்டீஸ்ல முதல் வரியா வர வேண்டிய கேள்வி இது ஒண்ணுதான்: இந்தத் தடவை அதை எங்கே கொட்டப் போறீங்க, யார் வீட்டு வாசல்ல?