குழந்தை மூச்சு வாங்குது… நீங்க கெடு வாங்குறீங்க!

மணலி, எண்ணூர், அத்திப்பட்டு, எர்ணாவூர் பக்கம் பிள்ளை வளர்க்கும் அம்மாக்களுக்கு ‘வீசிங்’ என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை. ராத்திரி 2 மணிக்குப் பிள்ளை இருமிக்கொண்டே எழுந்திருக்கும். படுக்க வைத்தால் இழுக்கும். விடியும் வரை தோளில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் நெபுலைசர் வைக்க ஆட்டோ பிடித்து ஓட வேண்டும். மறுநாள் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் போச்சு, அம்மாவுக்கு அன்றைய கூலி போச்சு.

பெரிதாக இழுக்காத நாளில் மட்டும் என்ன நிம்மதி? காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மல், மூக்கடைப்பு, கண் அரிப்பு. விளையாட்டு பீரியடில் மற்ற பிள்ளைகள் ஓட, இந்தப் பிள்ளை மட்டும் வகுப்புக்கு வெளியே பைகளுக்குக் காவல். "நீ ஓடாத, உனக்கு முடியாது" என்று சொல்லிச் சொல்லியே அதை நோயாளி ஆக்கிவிடுகிறோம். மார்க் குறைந்தால் "கவனம் போதாது" என்று எழுதி அனுப்புகிறார்கள். ராத்திரி முழுக்கத் தூங்காத பிள்ளைக்குக் கவனம் எங்கிருந்து வரும்?

சரி, பழி யார் மேல் விழுகிறது? அம்மா மேல்தான். வாழைப்பழம் குடுத்தியா? தயிர் சாதம் போட்டியா? தலைக்குக் குளிக்க வெச்சியா? மாமியார் கேட்பார், பக்கத்து வீட்டில் கேட்பார்கள், சில மருத்துவர்களும் கேட்பார்கள். வீட்டுத் தூசி, கொசுவத்திப் புகை, விறகடுப்பு, வீட்டுக்குள் பீடி சிகரெட் இதெல்லாம் ஆஸ்துமாவைத் தூண்டும், உண்மைதான். மறுக்கவில்லை. பரம்பரையும் ஒரு காரணம். அதற்காக, தாத்தாவுக்கு இழுப்பு இருந்தது என்று சொல்லிப் புகைபோக்கிக்கு நற்சான்றிதழ் கொடுத்துவிட முடியுமா? அம்மா கொசுவத்தியை அணைத்துவிடுவார். வீட்டுக்கு எதிரே நிற்கும் புகைபோக்கியை யார் அணைப்பது?

இப்போது கணக்குக்கு வருவோம்.

நிலக்கரி எரிந்தால் கந்தக டை ஆக்சைடு வரும். ஆஸ்துமா உள்ளவர் அதைச் சுவாசித்தால் சில நிமிடங்களிலேயே மூச்சுக்குழாய் சுருங்கும். அதைப் பிடித்து நிறுத்தும் கருவிக்கு எஃப்.ஜி.டி. என்று பெயர். அனல்மின் நிலையங்கள் இந்த வாயுவை வரம்புக்குள் வைக்க வேண்டும், 2 வருடத்துக்குள் செய்து முடிக்க வேண்டும் என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2015 டிசம்பரில் அறிவித்தது. 2017 வந்தது, செய்யவில்லை. 2022 வரை கெடு கொடுத்தார்கள். பிறகு மறுபடி, மறுபடி நீட்டிப்பு. கடைசியில் 2025 ஜூலையில், நாட்டின் பெரும்பாலான அனல்மின் அலகுகளுக்கு இந்தக் கருவியே தேவையில்லை என்று விலக்கு! பெருநகரங்களை ஒட்டிய நிலையங்களுக்கு மட்டும் 2027 கடைசி வரை நேரம். முதல் அறிவிப்பு வந்தபோது பிறந்த குழந்தைக்கு அப்போது 12 வயசு ஆகியிருக்கும். அதன் குழந்தைப்பருவமே முடிந்துவிடும். கெடு மட்டும் முடியாது.

விலக்குக்குச் சொன்ன காரணம் என்ன தெரியுமா? காற்றில் இந்த வாயுவின் அளவு ஏற்கெனவே வரம்புக்குள்தான் இருக்கிறதாம். வாயு அப்படியே வாயுவாகவே இருக்குமா? காற்றில் கலந்து சல்ஃபேட் நுண்துகளாக மாறுகிறது. பி.எம். 2.5 என்று சொல்கிறோமே, அதில் அதுவும் சேர்த்தி. புகைபோக்கி ஓரமாக நின்று வாயுவை மட்டும் அளந்துவிட்டு, துகள் எங்கிருந்து வருதுன்னே தெரியலன்னு சொன்னா எப்படி? அந்த ‘வரம்பு’ லட்சணத்தையும் பாருங்கள். பி.எம். 2.5-க்கு ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தியா வைத்திருக்கும் வரம்பு 40. நம் பிள்ளைகளின் நுரையீரல் மட்டும் என்ன இரும்பிலா செய்தது?

மத்திய அரசைத் திட்டிவிட்டு மாநில அரசைத் தப்பவிட மாட்டோம். வடசென்னை அனல்மின் நிலையம் மாநில அரசின் சொத்து. 1,500 மெகாவாட் வல்லூர் நிலையம், மத்திய அரசின் என்.டி.பி.சி.யும் மாநில மின் நிறுவனமும் கூட்டாக நடத்துவது. மேடையில் சண்டை, புகைபோக்கியில் கூட்டாளி! மணலியைக் கடுமையாக மாசடைந்த பகுதி என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பட்டியல் போட்டது 2009-இல். அதற்குப் பிறகு அங்கே சுமை குறைந்ததா? 2017-இல் பழைய எண்ணூர் அனல்மின் நிலையத்தை மூடினார்கள். மக்கள் கொஞ்சம் மூச்சுவிட்டார்கள். உடனே 660 மெகாவாட்டுக்கு விரிவாக்கம் என்று 2024 டிசம்பரில் கருத்துக்கேட்புக் கூட்டம். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, பெரியகுப்பம் மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்களே, அந்த மக்களிடம்தான் வந்து கருத்துக் கேட்டார்கள்.

"ஆஸ்துமாவுக்குப் புகைதான் காரணம்னு நிரூபிக்க முடியுமா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் இருக்கிறது. லண்டனில் எல்லா என்ற 9 வயதுச் சிறுமி 2013-இல் கடுமையான ஆஸ்துமாவால் இறந்தாள். வீடு, வாகனங்கள் ஓயாத சவுத் சர்க்குலர் சாலைக்குப் பக்கத்தில். அவளுடைய அம்மா ரோசமண்ட் விடவில்லை. 2020 டிசம்பரில், அந்த மரணத்துக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று விசாரணை அதிகாரி பதிவு செய்தார். பிரிட்டனில் அப்படி ஒரு பதிவு அதுதான் முதல் முறை. அங்கே காற்றை அளந்து எழுதி வைத்திருந்தார்கள், அதனால் நிரூபிக்க முடிந்தது. இங்கே ‘மூச்சுத்திணறல்’ என்று ஒரு வார்த்தை எழுதிக் கோப்பை மூடிவிட்டால், எந்த அம்மா எதை வைத்து நிரூபிப்பார்?

மருந்து விஷயத்திலும் ஏழைப் பிள்ளைக்குத்தான் அடி. எத்தனை பிள்ளைகளுக்கு ‘பிரைமரி காம்ப்ளக்ஸ்’ என்று சொல்லி மாதக்கணக்கில் மருந்து கொடுத்திருக்கிறார்கள்! "இன்ஹேலர் வேண்டாம், பழகிடும்", "பொம்பளப் புள்ள, நாளைக்குக் கல்யாணம் ஆகணும்" என்ற பேச்சு வேறு. இன்ஹேலர் போதைப்பொருள் இல்லை மக்களே. மாத்திரையில் மில்லிகிராம் கணக்கில் போவது இதில் மைக்ரோகிராம் கணக்கில், நேராக நுரையீரலுக்குப் போகிறது. தடுப்பு இன்ஹேலரை மருத்துவர் சொன்னபடி தினமும் எடுத்தால் பெரும்பாலான பிள்ளைகள் மற்றவர்களைப் போலவே ஓடி ஆடலாம். ஆனால் மாதாமாதம் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்றால், இழுப்பு நின்றதும் நிறுத்திவிடுவார்கள். அடுத்த பனிக்காலத்தில் மறுபடி நடுராத்திரி ஆட்டோ.

ஆகவே கேட்கிறோம். சுகர், பிரஷர் மாத்திரை வீட்டு வாசலுக்கு வருகிற மாநிலத்தில், குழந்தைகளின் தடுப்பு இன்ஹேலரும் ஸ்பேசரும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வருடம் முழுக்க இலவசமாகக் கிடைக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் அவசர இன்ஹேலரும், அதைப் போடத் தெரிந்த ஓர் ஆசிரியரும் இருக்க வேண்டும். எண்ணூர், மணலி பகுதியில் மூச்சுத்திணறலோடு வரும் ஒவ்வொரு குழந்தையையும், அன்றைய காற்றின் அளவோடு சேர்த்துப் பதிவு செய்யுங்கள். 660 மெகாவாட் விரிவாக்கத்தைக் கைவிடுங்கள். வடசென்னைக்கும் வல்லூருக்கும் இனி ஒரு நாள்கூட நீட்டிப்பு வேண்டாம். காற்றின் அளவைப் பள்ளிக்கூட வாசலில் தமிழில், பெரிய எழுத்தில் போடுங்கள். ஏதோ இணையதளத்துல இருக்கு, போய்ப் பாத்துக்கோங்கன்னு சொல்லாதீங்க.

#எண்ணூர்_மூச்சுவிடட்டும் #இன்ஹேலர்_இலவசம்