கணினிக்கு ஏற்ற சிறுபெட்டி

வெறும் பெட்டியைப் பற்றி ஒரு வாரக் கட்டுரையா என்று நேயர்கள் நகைத்தல் கூடும். பாகங்களைத் தனித்தனியே வாங்கி வீட்டிலேயே கணினி பொருத்த விழையும் மாணவரிற் பலரும் அவ்வாறே எண்ணுகின்றனர். புரொசெசர் எது, நினைவகம் எவ்வளவு என்று மாதக்கணக்கில் ஆராய்பவர்கள், கடைக்காரர் 'கேசிங்' என்று கூறும் பெட்டியை மட்டும் கடைசி நாளிற் கண்ணுக்கு அழகாயிருப்பது கண்டு எடுத்துவிடுகின்றனர். பெரிய பெட்டியாயின் இதனாற் பெருந்தீங்கு விளைவதில்லை. சிறிய பெட்டியிலோ மற்றெல்லாப் பாகங்களையும் பெட்டியே ஆளுகின்றது. அது இடங்கொடாத பாகத்துக்குக் கொடுத்த பணம் வீண்பணமாகும்.

சிறுபெட்டியை நாடுவதற்குத் தக்க காரணங்கள் உண்டு. ஒரே மேசையில் அண்ணன் படிக்கவும் தங்கை எழுதவும் வேண்டிய வீடுகள் நம்மிடையே ஏராளம். வாடகை அறையொன்றிலிருந்து பேராதனையிலோ மொறட்டுவையிலோ பயில்பவர் விடுமுறைக்குக் கணினியையும் உடன்கொண்டு யாழ்ப்பாணம் செல்ல விரும்புவர். மடிக்கணினி இருக்க இந்தப் பாடு எதற்கென்று தந்தையார் கேட்பதும் நியாயமே. ஆயினும், பழுதான பாகத்தை மட்டும் மாற்றவும், கையிற் பணம் சேருந்தோறும் ஒவ்வொன்றாய் உயர்த்தவும் வாய்ப்புத் தருவது பொருத்திய கணினியே என்பதையும் அவரிடம் எடுத்துரைக்கலாம்.

பெட்டியின் பருமனை லீற்றரிற் கூறுவது இத்துறையார் வழக்கம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரிற் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் லீற்றர் கிடைக்கும். 45 சென்ரிமீற்றர் நீளமும் 21 அகலமும் 45 உயரமும் உடைய சாதாரணக் கோபுரப் பெட்டி ஏறக்குறைய 42 லீற்றர் கொள்ளும். 20 லீற்றருக்குக் குறைந்தவற்றையே பொதுவாகச் சிறுபெட்டி என்பர். விளம்பரத்தில் 'மினி' என்று போட்டிருப்பதை நம்பற்க, பெருக்கிப் பார்க்க.

பெட்டியின் அளவை முதலில் நிர்ணயிப்பது மதர்போர்ட் என்னும் தாய்ப்பலகை. இன்ரெல் நிறுவனம் 1995இல் வகுத்த ஏ.ரீ.எக்ஸ். பலகை 305 மில்லிமீற்றருக்கு 244 மில்லிமீற்றர். 1997இல் வந்த மைக்ரோ ஏ.ரீ.எக்ஸ். நாற்புறமும் 244. தாய்வானைச் சேர்ந்த வியா ரெக்னோலொஜீஸ் 2001இல் வெளியிட்ட மினி ஐ.ரீ.எக்ஸ். நாற்புறமும் 170 மட்டுமே. இந்த வேற்றுமையைக் கண்ணாற் காண விரும்புவோர் இப்பத்திரிகைத் தாளிலேயே 17 சென்ரிமீற்றர்ச் சதுரமொன்றும் 24.4 சென்ரிமீற்றர்ச் சதுரமொன்றும் வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்கலாம். முதலாவது, இரண்டாவதின் பாதிப் பரப்பேயாகும்.

பரப்புப் பாதியானால் விலையும் பாதியாகுமென்று எண்ணுதல் வேண்டா. ஒத்த தரமுள்ளவற்றுள் மினி ஐ.ரீ.எக்ஸ். பலகையே பெரும்பாலும் விலை கூடியது. அதில் 'ராம்' தகடு செருக இரண்டு இடங்களும், மேலதிகக் கார்ட் ஒன்றுக்கு ஓரிடமுமே வழக்கமாக உண்டு. மைக்ரோ ஏ.ரீ.எக்ஸ். பலகைகளிற் பல நான்கு ராம் தகடுகளை ஏற்கும். மிகச்சிறு பெட்டிகளுக்கு எஸ்.எப்.எக்ஸ். என்னும் குறுகிய பவர் சப்ளையும் வேண்டும், அதுவும் மலிவன்று. ஆகவே பெட்டியின் விலைச்சீட்டில் உள்ள தொகை மட்டும் பெட்டியின் விலையாகாது. அதற்காக வாங்க நேரும் பலகை, பவர் சப்ளை, கூலர் ஆகியவற்றின் மேலதிகச் செலவையும் சேர்த்தே வீட்டார் கணக்கிடல் வேண்டும்.

இனி, இவற்றிலும் முக்கியமான வெப்பத்துக்கு வருவோம். கணினி உட்கொள்ளும் மின்சாரம் அனைத்தும் ஈற்றில் வெப்பமாகவே மாறுகின்றது. பெட்டி சிறுத்தால் வெப்பம் சிறுக்காது. ஒரு பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பாதியாக்கினால் உள்ளிருக்கும் காற்று எட்டிலொன்றாய்க் குறைகின்றது. வெப்பத்தை வெளிவிடும் பக்கங்களின் பரப்பும் நாலிலொன்றாகின்றது. உள்ளே எரியும் வாற்று மட்டும் அப்படியே நிற்கின்றது.

பௌதிகம் பயிலும் மாணவர்கள் இக்கணக்கைத் தாமே செய்து பார்க்கலாம். ஒரு கணினி 200 வாற்று வெப்பத்தை வெளியிடுவதாகக் கொள்வோம். ஒரு கனமீற்றர்க் காற்றின் திணிவு ஏறக்குறைய 1.2 கிலோகிராம், ஒரு கிலோகிராம் காற்றை ஒரு பாகை சூடாக்க ஏறக்குறைய 1000 யூல் வேண்டும். உட்புகுந்த காற்று 10 பாகைக்கு மேற் சூடேறாமல் வெளியேற வேண்டுமாயின், ஒவ்வொரு வினாடியும் ஏறத்தாழ 17 லீற்றர் காற்றுப் பெட்டியினூடே செல்லல் வேண்டும். 17 லீற்றர்ப் பெட்டியில், உள்ளிருக்கும் காற்று முழுவதும் வினாடிக்கு ஒருமுறை மாறவேண்டும் என்பதே இதன் பொருள்! கொழும்பிலோ மட்டக்களப்பிலோ பிற்பகலில் அறை 32 பாகையில் இருக்குமாயின், குளிர்விக்க வந்த அக்காற்று 42 பாகையில் வெளியேறும்.

புரொசெசர் எரிந்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. அது 95 அல்லது 100 பாகையளவை அணுகினால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கேடு இதிலேதான் மறைந்திருக்கின்றது. அதிக பணங்கொடுத்து வாங்கிய வேகத்தைப் பெட்டி சத்தமின்றிப் பறித்துக்கொள்ள, மாணவனோ வைரஸ் என்றும் மென்பொருட் கோளாறு என்றும் தேடியலைவான். சத்தமின்றி என்றதும் முற்றும் சரியன்று. சிறுவிசிறி பெருவிசிறியளவு காற்றைத் தள்ள வேண்டுமாயின் மிகவிரைந்து சுழல வேண்டும்; அதன் இரைச்சல் அடுத்த அறைக்கும் கேட்கும்.

ஆதலால், முன்புறம் முழுவதும் கண்ணாடியால் மூடிய பெட்டியை, அது எத்துணை அழகாயினும், நாம் பரிந்துரையோம். முன்னும் பக்கமும் துளையிட்ட உலோகத் தகடாயிருப்பதே நம் வெப்பத்துக்கு ஏற்றது. 80 மில்லிமீற்றர் விசிறி மூன்றினும் 120 மில்லிமீற்றர் விசிறி இரண்டுக்கு இடமுள்ளது மேல். தூசிவலை இருத்தல் அவசியம். அதுவும் திருகாணி கழற்றாமல் இழுத்தெடுத்துக் கழுவத்தக்கதாய் இருக்கட்டும். கழற்றக் கடினமான வலையை எவரும் கழுவுவதில்லை. தூசி படிந்த வலை கண்ணாடியிலும் கேடு.

கடைக்குச் செல்லுமுன் மூன்று நீளங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். புரொசெசரின்மேல் அமரும் கூலரின் உயரம் முதலாவது. கோபுரக் கூலர்கள் 155 முதல் 165 மில்லிமீற்றர் வரை நிமிர்ந்து நிற்பவை. கூலர் மாஸ்ரர் நிறுவனம் 2020இல் வெளியிட்ட என்.ஆர். 200 என்னும் பெட்டி 18 லீற்றரைச் சற்றே தாண்டியது. 155 மில்லிமீற்றர்க் கூலரை ஏற்கும். டான் ஏ4 என்னும் 7.2 லீற்றர்ப் பெட்டியிலோ 48 மில்லிமீற்றரே இடம். வீ.ஜி.ஏ. கார்ட் வேண்டுவோர் அதன் நீளத்தோடு தடிப்பையும் பார்க்க வேண்டும். நீளத்தை மட்டும் அளந்து வந்து, பக்கக் கதவு மூடாமல் நிற்பவர் பலர். மூன்றாவது பவர் சப்ளையின் நீளம். சாதாரண ஏ.ரீ.எக்ஸ். வகையே 140 மில்லிமீற்றர் இருக்கும். வடங்கள் வளைந்து திரும்ப அதற்கப்பால் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் வேண்டும். அவ்விடத்தை விற்பனைத் தாள் சொல்லாது.

அப்படியானால் எவர் எதனை வாங்குவது? எழுத்து, பாடம், நிரலாக்கம், இணைய வகுப்பு இவையே நோக்கமாயின் வீ.ஜி.ஏ. கார்ட் தேவையில்லை. 2021இல் வந்த ரைசன் 5 5600ஜி போன்று படங்காட்டும் திறனைத் தன்னுள்ளே கொண்ட 65 வாற்றுப் புரொசெசர்கள் பத்து லீற்றருக்குட்பட்ட பெட்டியிலும் அடங்கி வாழும். மாதந்தோறும் ஊருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் சுமந்து திரிபவருக்கும் அதுவே நன்று. விளையாட்டும் காணொளித் தொகுப்பும் வேண்டுவோர் 18 லீற்றருக்குக் கீழிறங்காதிருப்பது நலம். இவ்விரண்டிலும் சேராது, மேசையில் இடம் போதாதென்ற காரணத்துக்காக மட்டும் சிறுபெட்டி தேடுபவருக்கு நாம் கூறுவது வேறு: 25 முதல் 35 லீற்றர் வரையுள்ள மைக்ரோ ஏ.ரீ.எக்ஸ். பெட்டியை வாங்கி மேசைக்குக் கீழே, நிலத்தினின்றும் ஒரு சாண் உயர்த்தி வையுங்கள். அழகுப் போட்டியிற் பரிசு கிட்டாது. மீந்த பணத்தில் ஒரு ராம் தகடு கூடுதலாக வாங்கலாம்.

பெற்றோர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பெட்டி உலோகத்தாலானது. பவர் சப்ளையின் பிளக்கிலுள்ள மூன்றாம் முனை அவ்வுலோகத்தைப் புவியோடு தொடுப்பது. அம்முனையை விடுத்து இரட்டை முனை அடப்ரரிற் செருகினால், பெட்டியிற் கை பட்டதும் சுரீரென்று மின்னுணர்வு தோன்றும். உள்ளே பழுது நேருமாயின் அது உயிராபத்தும் ஆகும். சிறுபெட்டி மேசைமீது கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் இதில் அசட்டை கூடாது.

வீட்டிலே பழைய கோபுரப் பெட்டி கிடக்கின்றதாயின் அதனைப் பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஏ.ரீ.எக்ஸ். திருகாணித் துளைகளின் இடம் 1995 முதல் மாறவில்லை, மினி ஐ.ரீ.எக்ஸ். பலகையின் நான்கு துளைகளும் அவற்றோடு பொருந்துவனவே. அண்ணனின் பெட்டியில் தங்கையின் புதுப்பலகை தாராளமாக அமரும். முன்புற யூ.எஸ்.பி. துளை பழைய வகையாயிருக்கும், விசிறி தேய்ந்திருக்கும், விசிறியை மாற்றிக்கொள்ளலாம். பழைய பவர் சப்ளையை அவ்வாறே பயன்படுத்தலாமா என்பது தனியே விரித்தெழுத வேண்டியதொன்று. அதனை வரும் வாரம் பார்ப்போம்.