படச் சீட்டும் தர எண்ணும்

பழம் பொருள்களைத் தேடித் தொகுத்தல் எல்லா நாட்டினர்க்கும் உரிய இயல்பாகும். நாணயம் தொகுப்பாரையும் தபால் முத்திரை தொகுப்பாரையும் நாம் அறிவோம். அமெரிக்க ஐக்கிய நாடுகளிலோ, பேஸ்பால் என்னும் பந்தாட்டத்தில் பேர்பெற்றாரின் உருவம் அச்சிட்ட சிறு அட்டைச் சீட்டுகளைத் தொகுப்போர் மிகப் பலர். அச்சீட்டுகளைக் கட்டணம் செலுத்தித் தரம் இடுவிக்கும் வழக்கம் இக்காலத்தில் அவர்களிடையே பெரிதும் பரவியுள்ளது. அவ்வழக்கத்தை எவ்வளவு நம்பலாம் என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

இச்சீட்டுகள் பிறந்த இடம் சிகரெட்டு உறையாகும். 1880-ஆம் ஆண்டை அடுத்த காலத்தில், சிகரெட்டு நசுங்காதிருத்தற்பொருட்டு உறையினுள் ஓர் அட்டையை வைத்தனர். அவ்வட்டையில் படம் அச்சிட்டால் வாணிகமும் பெருகும் என்பதைப் புகையிலைக் கம்பெனியார் கண்டுகொண்டனர். அமெரிக்கப் புகையிலைக் கம்பெனியார் 1909 முதல் 1911 வரை வெளியிட்ட வரிசை இன்று ‘டி 206’ எனப்படுகின்றது. அவ்வரிசையில் ஹோனஸ் வாக்னர் என்னும் பிட்ஸ்பர்க் ஆட்டக்காரரின் சீட்டு மிக அரியது. தம் உருவம் புகையிலையோடு சிறுவர் கைக்குச் செல்வதை அவர் விரும்பிலர் என்பர் சிலர். தமக்குரிய பொருள் கிடையாமையால் மறுத்தனர் என்பர் வேறு சிலர். எவ்வாறாயினும் அச்சீட்டை அச்சிடுதல் விரைவில் நின்றது. இன்று எஞ்சியுள்ளவை ஏறக்குறைய ஐம்பது அறுபதே. பிற்காலத்தில் மிட்டாய், சூயிங்கம் ஆகியவற்றை விற்போர் இவ்வழக்கத்தை மேற்கொள்ளவே, சீட்டுகள் முற்றிலும் சிறுவர் உடைமையாயின.

சிறுவர் விளையாட்டுப் பொருள் பெரியோர் வாணிகப் பொருளாயினபின் வழக்குகள் எழுந்தன. பழுதற்ற சீட்டுக்கு ஒரு விலை, மடிந்த சீட்டுக்கு வேறு விலை. விற்பவன் ‘புதியது போன்றது’ என்பதை வாங்குபவன் ‘நைந்தது’ என்பான். நெடுந்தொலைவிலிருந்து தபால் வழியாக வாங்குவோர் பெரிதும் ஏமாற்றப்பட்டனர். இக்குறையைத் தீர்க்கவே தரமிடும் கம்பெனிகள் தோன்றின. அவற்றுள் 1991-இல் தொடங்கிய பி. எஸ். ஏ. என்பது முதன்மை பெற்றது. சீட்டை அனுப்பினால், மூலைகள் கூர்மை குன்றாதிருக்கின்றனவா, ஓரங்கள் நைந்துள்ளனவா, படம் நடுவில் அமைந்துள்ளதா, மேற்பரப்பில் மடிப்போ கறையோ கீறலோ உண்டா எனப் பரிசோதகர் நோக்குவர். ஓரம் கத்தரித்தலும் நிறம் ஏற்றலும் வெளிப்பட்டால் எண் வழங்கார். பழுதில்லையேல் 1 முதல் 10 வரை ஓர் எண்ணை இட்டு, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பேழையுள் முத்திரையிட்டு அனுப்புவர். இதனால் போலிச் சீட்டுகள் பல வெளிப்பட்டன. புதிதாகத் தொகுக்கப் புகுந்தார்க்கு ஓரளவு பாதுகாப்பும் கிடைத்தது. இந்நன்மையை நாம் மறுக்கவில்லை.

ஆயினும், சாட்சியாக வந்த எண் நாளடைவில் தீர்ப்பாக அமர்ந்துவிட்டது. அதுவே நாம் கண்டிப்பது.

முதலாவதாக, அவ்வெண் தராசில் நிறுத்த நிறையன்று. ஒரு மனிதர் கண்ணால் நோக்கிக் கூறும் அபிப்பிராயமே. மேற்கூறிய வாக்னர் சீட்டுகளுள் ஒன்றே இதற்குச் சான்று பகரும். 1991-இல் நியூயார்க்கு ஏலத்தில் 4,51,000 டாலருக்கு விற்ற அச்சீட்டே பி. எஸ். ஏ. கம்பெனியார் முதன் முதலாகத் தரமிட்டது. அது பெற்ற எண் 8. 2007-இல் அது 28 லட்சம் டாலருக்குக் கைமாறியது. பின்னர் 2013-இல், ஏலத்தொழிலில் பேர்பெற்றிருந்த பில் மாஸ்ட்ரோ என்பார் சிகாகோ நீதிமன்றத்தில் தம் மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது, அச்சீட்டின் பக்க ஓரங்களைத் தாம் கத்தரித்ததையும் ஒப்புக்கொண்டார். கத்தரித்த சீட்டுக்கு எண் இல்லை என்பது விதி. அத்தொழிலின் தலைச்சன் பிள்ளையே அவ்விதிக்கு மாறாகப் பிறந்தது! ஒருமுறை பெற்ற எண் போதாதென்று பேழையை உடைத்து, அதே சீட்டை மீண்டும் அனுப்பி உயர்ந்த எண் பெற முயல்வோரும் உளர். நிறையாயின் இம்முயற்சிக்கு இடமேது?

இரண்டாவதாக, அவ்வெண் அளப்பது சீட்டின் சிறப்பையன்று, அது தீண்டப்படாமையையே. 1952-இல் டாப்ஸ் கம்பெனியார் வெளியிட்ட மிக்கி மாண்டில் சீட்டு ஒன்று, வேறொரு கம்பெனியாரிடம் 9.5 என்னும் எண்ணைப் பெற்று, 2022-இல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு விற்றது. அஃது அத்துணைப் பொலிவோடு இருந்த காரணம் யாது? விற்பனையாகாமல் பல்லாண்டு பெட்டியில் கிடந்த சீட்டுகளோடு வெளிப்பட்டதே காரணம். அவ்வாண்டுச் சீட்டுகளுள் மிகுந்து போனவற்றை 1960-இல் கம்பெனியாரே அட்லாண்டிக் கடலில் கொட்டினர். அக்காலத்துச் சிறுவரோ, தம் சீட்டுகளை ரப்பர் வளையத்தால் கட்டிச் சட்டைப்பையில் சுமந்தனர்; தோழரோடு மாற்றிக்கொண்டனர்; ஓசை எழும்பொருட்டுச் சைக்கிள் சக்கரக் கம்பிகளிடையே செருகினர். எந்தச் சீட்டை ஒரு சிறுவன் நேசித்தானோ அது 2 பெறும். எதனை எவனும் பெற்றிலனோ அது 9 பெறும். எனினும் 2021-இல் 3 என்னும் எண்ணே பெற்ற வாக்னர் சீட்டு ஒன்று 66 லட்சம் டாலருக்கு விற்றது. பொருளின் அருமை எண்ணுக்குள் அடங்காது என்பதை வாணிகரே சிற்சில வேளைகளில் உணர்கின்றனர் போலும்!

ஜெபர்சன் பர்டிக் என்னும் பெரியாரை ஈண்டு நினைவுகூர்தல் தகும். சிரக்கியூஸ் நகரில் மின்கருவித் தொழிற்சாலையில் உழைத்த அவர் செல்வரல்லர். மூட்டு நோயால் பெரிதும் வருந்தினவர். சீட்டுகளை வகைப்படுத்தி அட்டவணை வெளியிட்டவரும், ‘டி 206’ என்னும் பெயரை ஈந்தவரும் அவரே. தாம் தொகுத்த மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட சீட்டுகளையும் பிற அச்சுத் தாள்களையும் நியூயார்க்கு மெட்ரோபாலிட்டன் பொருட்காட்சிச் சாலைக்கு வழங்கி, நோயுற்ற தம் கைகளாலேயே அவற்றைத் தொகுதிகளில் ஒட்டினார். அப்பணி 1963 ஜனவரியில் முற்றியது. மார்ச்சு மாதத்தில் அவர் காலமானார். பசையிட்டு ஒட்டிய சீட்டு இன்றைய பரிசோதகரிடம் சென்றால் தாழ்ந்த எண்ணே பெறும். ஆயினும் அறிவுக்கும் வரலாற்றுக்கும் அவர் தொகுதியினும் மிக்க பயன் விளைத்த பேழை எது?

புதியோருக்குக் கண் பழகாதாதலின் எண்ணே துணை என்பர் சிலர். துணை என்பது மெய். பிறர் கண்ணையே என்றும் நம்பினால் தம் கண் என்று பழகும் என்பதே நம் வினா. பெருவிலையுள்ள சீட்டையும், போலி என்று ஐயுறத்தக்க சீட்டையும் தரமிட அனுப்புதல் அறிவுடைமை. சீட்டின் விலையினும் கட்டணம் மிகுமாயின் அனுப்புதல் வீண் செலவு. கம்பெனியாரும் எண்ணை மட்டும் அச்சிடாது, மூலை, ஓரம், பரப்பு இவற்றில் கண்ட குறை இன்னதென எழுதித் தருவாராயின், வாங்குவோர் கண்ணும் பழகும். தவறு நேர்ந்தவிடத்து அதனைக் கண்டறிதலும் எளிதாகும். காரணம் கூறாத மதிப்பெண் எத்துணைக் குறையுடையது என்பதை மாணாக்கராகிய நமக்கு ஒருவர் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

ஆதலின், தொகுப்போர் முதலில் சீட்டை நோக்குக. அதன் பின்னரே எண்ணை நோக்குக. இவ்வரிசை மாறுமாயின், அவர் தொகுப்பன சீட்டுகளல்ல, எண்களே.