முதுகுவலிக்கு முதல் வைத்தியம் எம்.ஆர்.ஐ ஸ்கேன் இல்லைங்க

1/ ஓபியில் ஒரு அம்மா. வயது 44, கட்டட வேலை. மூணு வாரமா இடுப்பு வலி. தோட்டை அடகு வச்சு எம்.ஆர்.ஐ எடுத்துட்டு வந்திருக்காங்க. "ஜவ்வு விலகிடுச்சாம் டாக்டர், கால் விளங்காமப் போயிடுமா?"

பரிசோதித்தேன். நல்லா நடக்கிறாங்க, காலில் பலம் குறையவே இல்லை. அவங்களைப் படுக்க வைத்தது வலி அல்ல, அந்த ரிப்போர்ட்.

2/ வலியே இல்லாதவங்களுக்கும் ஜவ்வு விலகல் இருக்கும். 2015-ல் 33 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தாங்க. முதுகுவலி இல்லாதவர்களில், 20 வயதிலேயே 30% பேருக்கு டிஸ்க் பல்ஜ். 40 வயதில் 50%. 80 வயதில் 84%. பெரும்பாலும் இது முடி நரைக்கிற மாதிரிதான். நரைக்கு யாராவது ஆபரேஷன் பண்ணுவோமா?

3/ "பெட் ரெஸ்ட் எடுங்க" என்பதும் பழைய கதை. 1995-ல் ஹெல்சின்கியில் 186 பேரிடம் ஆய்வு. படுத்திருந்தவர்களை விட, வலி அனுமதிக்கும் அளவுக்கு வழக்கமான வேலைகளைச் செய்தவர்களே சீக்கிரம் தேறினாங்க.

4/ பெல்ட்? டிராக்‌ஷன்? நாள்பட்ட இடுப்பு வலிக்கு இவை வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டுதல்.

நடைப்பயிற்சி? வலியிலிருந்து மீண்ட 701 பேரிடம் 2024-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு: பிசியோதெரபிஸ்ட் வழிகாட்டலில் நடந்தவர்களுக்கு வலி திரும்ப சராசரியாக 208 நாள் ஆச்சு. மற்றவர்களுக்கு 112 நாள். ஆனா நடையை யாரும் பில் போட்டு விற்க முடியாதே!

5/ "ஏதாவது பெரிய வியாதியை விட்டுட்டா?" நியாயமான கேள்வி. அதற்குத்தான் நோயாளியைத் தொட்டுப் பார்க்கணும், கேட்கணும். இவை இருந்தா ஸ்கேன் அவசியம்:

▪️ சிறுநீர் வராமல் அடைப்பது, மலம் தெரியாமல் போவது
▪️ பிறப்புறுப்பு, ஆசனவாய் சுற்றி மரத்துப் போவது
▪️ கால் பலம் குறைவது, செருப்பு கழன்றதே தெரியாமல் நடப்பது
▪️ காய்ச்சல், எடை குறைவு, முன்பு புற்றுநோய் அல்லது டிபி
▪️ விழுந்து அடிபட்ட பின் கடும் வலி

முதல் மூன்றும் தண்டுவடமோ அதன் கீழுள்ள நரம்புக்கற்றையோ நசுங்குவதன் அறிகுறி. அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. ஒரு நாள் தாமதம்கூட வாழ்நாள் ஊனம் ஆகலாம்.

6/ தேவையில்லாதவர்கள் ஸ்கேன் வரிசையை அடைத்து நிற்கும்போது, சிறுநீர் அடைத்து வந்தவர் பின்னால் காத்திருக்கிறார். அரசு ஆஸ்பத்திரியில் இதை தினமும் பார்க்கிறேன். என் கோபம் இதில்தான்.

7/ சக மருத்துவர்களே, நம்ம மேலயும் தப்பு இருக்கு. ஓபியில் கூட்டம் நெரியும்போது, இரண்டு நிமிஷம் காலைத் தூக்கிப் பார்ப்பதை விட ஸ்கேன் எழுதுவது சுலபம். நானும் எழுதியிருக்கேன்.

8/ அந்த அம்மாவிடம் சொன்னேன்: "பயப்படாதீங்க, கால் விளங்காமப் போகாது. நடங்க. கனம் தூக்குறதை மட்டும் கொஞ்ச நாள் குறைங்க." முகம் தெளிஞ்சது. தோடுதான் இன்னும் அடகுக் கடையில.

அடுத்த முறை யாராவது ஸ்கேன் எழுதினா ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "இந்த ரிப்போர்ட்டால என் வைத்தியம் மாறுமா டாக்டர்?"