வழுதாவூரில் கலைந்த படை

பங்குனி பிறந்துவிட்டால் மரக்காணத்து உப்பளங்களில் வேலை உச்சத்துக்கு வரும். 1750ஆம் ஆண்டின் பங்குனியில், இந்தக் கரைக்குத் தென்மேற்கே வழுதாவூரில் இரண்டு பெரும்படைகள் எதிரெதிரே கூடாரம் அடித்துக் கிடந்தன. ஒரு பக்கம் ஐதராபாத்தின் நாசிர் ஜங், ஆற்காட்டுக்கு உரிமை கோரிய முகம்மது அலி, அவர்களுக்குத் துணையாக ஆங்கிலேயர். எதிர்ப்பக்கம் நாசிர் ஜங்கின் சகோதரி மகன் முசாபர் ஜங், அதே ஆற்காட்டுக்குப் போட்டியிட்ட சந்தா சாகிப், பிரெஞ்சுக்காரர். நம் பாடநூல்கள் இதை ஐரோப்பியரின் போட்டியாகவே சொல்லித்தருகின்றன. அந்தப் பார்வை குறையுடையது. இது முதலில் உள்நாட்டுப் போர். மாமனும் மருமகனும் ஐதராபாத்துக்கும், இரண்டு நவாப் குடும்பங்கள் ஆற்காட்டுக்கும் அடித்துக்கொண்ட பங்காளிச் சண்டை. ஆங்கிலேய, பிரெஞ்சுக் கம்பெனிகள் கூலிக்கு வந்தவை.

வந்தவர்களுக்கும் இந்தப் போர் புதிது. ஐரோப்பியப் பயிற்சி பெற்ற சிறுபடை நவாபின் பெரும்படையைச் சிதறடிக்கும் என்பதே 1746இல் அடையாற்றங்கரையில்தான் தெரியவந்தது. சிப்பாய்ப் படைகள் அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்தன. 1749 ஆகஸ்ட் 3 அன்று ஆம்பூரில் முகம்மது அலியின் தந்தை, ஆற்காட்டு நவாப் அன்வருதீன் கொல்லப்பட்டதும், சந்தா சாகிப் பக்கத்தாருக்கு எல்லாம் முடிந்துவிட்டதாகத் தோன்றியது. முகம்மது அலி தப்பிப்போன திருச்சியை உடனே நெருக்காமல், பணத்துக்காகத் தஞ்சையை முற்றுகையிட்டு வாரக்கணக்கில் உட்கார்ந்தார்கள். அதற்குள் நாசிர் ஜங் தெற்கே இறங்கிவிட்டார்.

அந்தத் தஞ்சைப் பணமே படையைத் தின்றது. அதில் தங்களுக்குப் பங்கில்லை என்று குமைந்த 13 பிரெஞ்சு அதிகாரிகள், எதிரி கண்ணெதிரே நிற்கும்போது பதவியை உதறிவிட்டுப் போனார்கள். அதிகாரியே போனபின் சிப்பாய் எதற்காக நிற்பான்? தளபதி தொத்தேய் இரவோடு இரவாகப் புதுச்சேரிக்குப் பின்வாங்கினார். சந்தா சாகிப்பும் உடன் போனார். தனித்துவிடப்பட்ட முசாபர் ஜங், மாமன் தந்த வாக்கை நம்பிச் சரணடைந்து விலங்கில் கிடந்தார். பின்வாங்கிய படையில் பின்தங்கியவர்களை, நாசிர் ஜங் பக்கம் நின்ற முராரி ராவின் மராட்டியக் குதிரைப்படை விரட்டிப் பிடித்தது. வென்றவர்களும் ஒன்றாக நிற்கவில்லை. கேட்ட சலுகைகள் கிடைக்காததால் ஆங்கிலேயத் தளபதி லாரன்ஸ் விரைவிலேயே படையோடு விலகிப்போனார்.

இன்னொரு உள்நாட்டுப் போரிலும் இப்படி ஒரு படை கலைந்தது. 1861இல் அமெரிக்காவின் புல் ரன் ஓடையருகே சில மாதப் பயிற்சியே பெற்ற இரு படைகள் மோதியபோது, தோற்ற படையோடு வாஷிங்டனிலிருந்து வேடிக்கை பார்க்க வந்தவர்களும் தலைதெறிக்க ஓடினார்கள். போர் நீளும் என்று இரு தரப்புக்கும் அன்று உறைத்தது. வழுதாவூருக்குப் பிறகு இங்கே யாருக்கும் உறைக்கவில்லை என்பதுதான் எனக்குப் பெரும் துயரம். தோற்ற பக்கம் இன்னும் அதிகமாகப் பிரெஞ்சுக்காரரைச் சார்ந்தது. மற்றப் பக்கம் ஆங்கிலேயரை மறுபடி அழைத்தது. ஒவ்வொரு உதவிக்கும் மண்ணாகவோ வரியாகவோ விலை போனது. மரக்காணத்துக்கு வடக்கே கடலோரம் நிற்கும் ஆலம்பரைக் கோட்டை அப்படிப் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனதுதான். 1760இல் ஆங்கிலேயர் அதைத் தகர்த்தார்கள். அந்தக் கரையில் வாழ்ந்தவர்களிடம் எந்தப் பக்கமும் எதையும் கேட்டதில்லை.

சண்டையிட்ட தலைவர்களில் பலர் நெடுநாள் வாழவில்லை. 1750 டிசம்பரில் செஞ்சிக்கு அருகே, தன் அணியில் இருந்த கடப்பை நவாபாலேயே நாசிர் ஜங் கொல்லப்பட்டார். விலங்கிலிருந்து நேரே அரியணைக்கு வந்த முசாபர் ஜங் இரண்டே மாதத்தில் மாண்டார். சந்தா சாகிப்பின் தலை 1752இல் வெட்டப்பட்டது. முகம்மது அலி மட்டும் 1795வரை நவாபாக இருந்தார், தீராத கடனோடு. அவருக்குக் கடன் கொடுத்தவர்களில் ஆங்கிலேயக் கம்பெனியின் அலுவலர்களே பலர். 1801இல் ஆற்காட்டு நாட்டின் ஆட்சி முழுவதையும் கம்பெனி எடுத்துக்கொண்டது. சில ஆண்டுகளில் இந்தக் கரையின் உப்பும் அதன் தனியுரிமையானது.