‘இன்னும் 2 சீட்தான் இருக்கு!’ என்றதும் ஏன் பதறுகிறோம்? - டிசைனுக்குள் ஒளிந்திருக்கும் உளவியல்

மாலை 6 மணி. பஜ்ஜிக் கடையில் நல்ல கூட்டம். அடுப்பு முன்னால் நிற்கும் அக்காவின் இரண்டு கையிலும் மாவு. வாடிக்கையாளர் ஒருவர் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்கிறார். மேசை மேல் இருக்கும் சின்னப் பெட்டி, நாற்பது ரூபாய் வந்துவிட்டதாகத் தமிழில் சத்தமாகச் சொல்கிறது. அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “சரிப்பா” என்று சொல்லிவிட்டு அடுத்த ஈடு பஜ்ஜியை எண்ணெயில் போடுகிறார்.

அதே வாடிக்கையாளர் பஜ்ஜியைக் கடித்தபடியே பொங்கலுக்கு ஊருக்குப் போக பஸ் டிக்கெட் தேடுகிறார். ‘இந்த விலையில் இன்னும் 2 சீட்தான்’ என்கிறது சிவப்பு எழுத்து. பக்கத்தில் 10 நிமிட கவுன்ட் டவுன் வேறு ஓடுகிறது. நாலு பஸ்ஸை ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று நினைத்தவர், சட்டென்று பணத்தைக் கட்டிவிடுகிறார். பிறகுதான் கவனிக்கிறார், கேட்காத இன்ஷூரன்ஸும் பில்லில் சேர்ந்திருக்கிறது.

இரண்டு இடத்திலும் வேலை செய்தது மனித மனதைப் படித்த டிசைன்தான். ஒன்று இருந்த பயத்தைப் போக்கியது. இன்னொன்று இல்லாத பயத்தைக் கிளப்பியது. நம் பணம், நேரம், முடிவு எல்லாமே ஸ்மார்ட்போன் திரை வழியாகப் போகும் காலத்தில், இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தெரிந்துகொள்வது ரொம்ப அவசியம்.

அழகாக இருந்தால் சுலபமாகத் தெரியுமா?

1995-ல் ஜப்பானில் மசாகி குரோசு, காவோரி கஷிமுரா என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஏடிஎம் திரைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். பட்டன்களும் எண்களும் விதவிதமாக அடுக்கப்பட்ட திரை வடிவங்களை மக்களிடம் காட்டி, எது அழகு, எது சுலபம் என்று மதிப்பிடச் சொன்னார்கள். அழகாகத் தெரிந்ததையே மக்கள் ‘சுலபம்’ என்றும் சொன்னார்கள்.

இஸ்ரேலைச் சேர்ந்த நோம் டிராக்டின்ஸ்கிக்கு இதில் சந்தேகம். அழகுணர்ச்சி அதிகம் உள்ள ஜப்பானியர்களுக்கு வேண்டுமானால் இது பொருந்தலாம், நம் ஊரில் எடுபடாது என்று நினைத்து அதே சோதனையை அங்கே செய்து பார்த்தார். அங்கே அந்தத் தொடர்பு இன்னும் வலுவாக வந்தது.

அமெரிக்க அறிவாற்றல் விஞ்ஞானி டொனால்ட் நார்மன், 2004-ல் எழுதிய ‘எமோஷனல் டிசைன்’ புத்தகத்தில் இந்தக் கதையைச் சொல்லித்தான் தன் வாதத்தைத் தொடங்குகிறார். ஒரு பொருளோடு மனித மனம் மூன்று படிகளில் பழகுகிறது என்கிறார் அவர். பார்த்த நொடியில் வரும் உணர்ச்சி முதல் படி. பயன்படுத்தும்போது ‘இது என் கைக்கு அடங்குகிறது’ என்று வரும் திருப்தி இரண்டாவது. எல்லாம் முடிந்த பிறகு யோசித்துப் பார்க்கும்போது தோன்றுவது மூன்றாவது.

பஸ் டிக்கெட் எடுத்தவர் முதல் படியில் பதறினார், மூன்றாவது படியில் எரிச்சலானார். ‘நம்மை ஏமாத்திட்டாங்களே’ என்று பின்னால் தோன்றினால், முன்னால் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அந்த டிசைன் தோற்றுவிட்டது.

சவுண்ட் பாக்ஸ் தீர்த்த பிரச்சினை

யுபிஐ 2016-ல் வந்தது. 2025 ஆகஸ்ட்டில் முதல்முறையாக ஒரே மாதத்தில் 2,000 கோடி பரிவர்த்தனைகளைத் தாண்டியது. தொழில்நுட்பம் பக்காவாக இருந்தும், தொடக்கத்தில் சிறு வியாபாரிகளுக்கு ஒரு உறுத்தல் இருந்தது. ‘பணம் நிஜமாவே வந்துச்சா?’ போலி ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுபவர்கள் உண்டு. கூட்ட நேரத்தில் ஒவ்வொரு முறையும் போனை எடுத்து மெசேஜ் பார்க்கவும் முடியாது. ‘எங்க, காட்டுங்க’ என்று வாடிக்கையாளரிடம் கேட்பதும் சங்கடம்.

2019-ல் பேடிஎம் கொண்டுவந்த சவுண்ட் பாக்ஸ் இந்தச் சங்கடத்தைத்தான் குறிவைத்தது. பிறகு போன்பே உள்ளிட்ட மற்ற நிறுவனங்களும் கொண்டுவந்தன. அந்தப் பெட்டி புதிதாக எந்தப் பணத்தையும் நகர்த்துவதில்லை. வந்த பணத்தை வந்தது என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்கிறது, அவ்வளவுதான். கண்ணும் கையும் வேலையாக இருக்கும் நேரத்தில் காது சும்மா இருக்கிறது என்பதைக் கவனித்ததில்தான் அதன் வெற்றி இருக்கிறது. இதற்கு மாத வாடகை வாங்கும் நிறுவனங்களும் உண்டு. அதைக் கட்டிக்கூட வியாபாரிகள் வைத்துக்கொள்கிறார்கள் என்றால், நிம்மதிக்கு ஒரு விலை இருக்கிறது என்றுதானே அர்த்தம்!

உணவு டெலிவரி ஆப்பில் வண்டி நகரும் வரைபடமும் இதே ரகம்தான். எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரியாமல் காத்திருப்பது, தெரிந்து காத்திருப்பதைவிட நீளமாகத் தோன்றும் என்று டேவிட் மெய்ஸ்டர் 1985-லேயே எழுதினார். வரைபடம் சாப்பாட்டை வேகமாகக் கொண்டுவருவதில்லை. ‘எங்கே இருக்கோ’ என்ற தவிப்பைக் குறைக்கிறது.

நம் மனசு எங்கே மாட்டிக்கொள்கிறது?

இதே மனசுக்குச் சில பலவீனங்களும் உண்டு. அதில் இரண்டு முக்கியமானவை.

முதலாவது, இழப்பு பயம். நூறு ரூபாய் கிடைக்கும் சந்தோஷத்தைவிட, நூறு ரூபாய் தொலைந்த வலி பெரிது. டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-ல் வெளியிட்ட ஆய்வு இதை விரிவாகப் பேசியது. பின்னர் 2002-ல் கானமனுக்குப் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. ‘2 சீட்தான்’ என்றதும், இன்னும் நம் கைக்கே வராத சீட் கைவிட்டுப் போவதுபோலத் தோன்றுவது இதனால்தான்.

இரண்டாவது, இருப்பதை அப்படியே விட்டுவிடும் பழக்கம். உறுப்பு தானம் பற்றி எரிக் ஜான்சன், டேனியல் கோல்ட்ஸ்டீன் இருவரும் 2003-ல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பிரபலமான உதாரணம். விருப்பம் தெரிவித்தால்தான் கொடையாளர் என்ற முறை இருந்த ஜெர்மனியில் சம்மதம் சுமார் 12 சதவீதம். மறுப்பு தெரிவிக்காத எல்லோரும் கொடையாளர் என்ற முறை இருந்த பக்கத்து நாடான ஆஸ்திரியாவில் 99 சதவீதத்துக்கும் மேல். இவ்வளவு பெரிய வித்தியாசத்துக்குப் பின்னால் இருந்தது, ஒன்றும் செய்யாமல் இருந்தால் என்ன பதில் என்று எடுத்துக்கொள்வது என்ற விதிதான். அந்த இன்ஷூரன்ஸ் பெட்டியில் முன்கூட்டியே ‘டிக்’ போட்டு வைத்திருப்பது ஏன் என்று இப்போது புரிகிறதா?

‘டார்க் பேட்டர்ன்’ என்றால் என்ன?

இந்தப் பலவீனங்களைத் தெரிந்தே பயன்படுத்தி, நாம் செய்ய நினைக்காத ஒன்றைச் செய்ய வைக்கும் டிசைனுக்கு 2010-ல் பிரிட்டனைச் சேர்ந்த டிசைனர் ஹாரி பிரிக்னல் வைத்த பெயர் ‘டார்க் பேட்டர்ன்’.

இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ல் இதற்கென்று வழிகாட்டு விதிகளை அறிவித்தது. மொத்தம் 13 வகைகள். போலி அவசரம் காட்டுவது, கூடையில் கேட்காத பொருளை நுழைப்பது, கடைசி நிமிடத்தில் விலையை ஏற்றுவது, சந்தாவை ரத்து செய்ய விடாமல் சுற்றவிடுவது, ‘வேண்டாம்’ என்பவரைக் குற்ற உணர்ச்சிக்கு ஆளாக்குவது எல்லாம் அந்தப் பட்டியலில் வருகின்றன. விமான டிக்கெட் எடுக்கும்போது இன்ஷூரன்ஸ் வேண்டாம் என்றால், ‘நான் பாதுகாப்பில்லாமலே இருந்துகொள்கிறேன்’ என்ற பட்டனை அழுத்த வைப்பதை ஒரு உதாரணமாகவே அந்த விதிகள் சொல்கின்றன.

2025 ஜூனில் ஆணையம் இன்னொரு படி போனது. இ-காமர்ஸ் தளங்கள் தங்கள் ஆப்பில் டார்க் பேட்டர்ன் இருக்கிறதா என்று 3 மாதத்துக்குள் தாங்களே தணிக்கை செய்துகொள்ள வேண்டும் என்று அறிவுறுத்தியது.

அமெரிக்காவில் விஷயம் இன்னும் பெரிதானது. வாடிக்கையாளர்களை முழுச் சம்மதம் இல்லாமல் பிரைம் சந்தாவில் சேர்த்ததாகவும், ரத்து செய்வதை வேண்டுமென்றே கடினமாக்கியதாகவும் அமேசான் மீது அந்நாட்டு வர்த்தக ஆணையம் 2023-ல் வழக்குப் போட்டது. சந்தாவை ரத்து செய்ய 4 பக்கம், 6 கிளிக், 15 தேர்வுகளைக் கடக்க வேண்டியிருந்தது என்றது புகார் மனு. நிறுவனத்துக்குள் அந்த நடைமுறைக்கு வைத்திருந்த பெயர் ‘இலியட்’. முடிவே இல்லாமல் நீளும் டிராய் போரைப் பற்றிய கிரேக்க காவியத்தின் பெயர் அது! 2025 செப்டம்பரில் 250 கோடி டாலருக்கு சமரசம் ஏற்பட்டது. அதில் 150 கோடி டாலர் வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தருவதற்கு. அமேசான் தவறு எதையும் ஒப்புக்கொள்ளவில்லை.

அப்போ வேகத்தடை எல்லாமே கெட்டதா?

இல்லை. சில இடத்தில் நம்மை நிறுத்துவதுதான் நல்ல டிசைன்.

யுபிஐ மோசடிகளில் பழைய தந்திரம் ஒன்று உண்டு. ‘உங்களுக்குப் பணம் அனுப்பியிருக்கேன், பின் நம்பர் போட்டு வாங்கிக்குங்க’ என்று போன் வரும். உண்மையில் வந்திருப்பது நம்மிடம் பணம் கேட்கும் கோரிக்கை. பணம் வருகிறது என்ற சந்தோஷத்தில் திரையில் இருப்பதைச் சரியாகப் படிக்காமல் பின் நம்பரைப் போட்டால், கணக்கிலிருந்து பணம் போய்விடும். ‘பணம் பெற பின் தேவையில்லை’ என்று வருடக்கணக்கில் விழிப்புணர்வு செய்தார்கள். கடைசியில் தனிநபருக்குத் தனிநபர் பணம் கேட்கும் இந்த வசதியையே 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தியது தேசிய பேமென்ட்ஸ் கழகம். அதற்கு முன்பே, யாருக்குப் பணம் போகிறதோ அவருடைய வங்கிக் கணக்கில் உள்ள பெயரைத்தான் காட்ட வேண்டும் என்றும் விதி வந்தது.

‘மக்கள் கவனமா இருக்கணும்’ என்று சொல்வது சுலபம். பதற்றத்திலும் ஆசையிலும் யாருக்கும் கவனம் சிதறும் என்று ஏற்றுக்கொண்டு அமைப்பையே மாற்றுவதுதான் உளவியல் தெரிந்த டிசைன்.

எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு சின்ன சோதனை போதும். இந்த டிசைன் ஏன் இப்படி இருக்கிறது என்பதை அந்த நிறுவனம் உங்களிடம் வெளிப்படையாகச் சொல்ல முடியுமா? ‘நீங்க மெசேஜ் பார்க்க வேண்டாம்னுதான் பெட்டி சத்தமா சொல்லுது’ என்று பஜ்ஜிக் கடை அக்காவிடம் தாராளமாகச் சொல்லலாம். ‘நீங்க கவனிக்க மாட்டீங்கன்னுதான் இன்ஷூரன்ஸுக்கு நாங்களே டிக் போட்டோம்’ என்று சொல்ல முடியுமா?

உண்மையிலேயே 2 சீட்தான் மீதி என்றால், அதைச் சொல்வது உதவி. எண்ணிக்கை பொய் என்றால் அது மிரட்டல். சிக்கல் என்னவென்றால், எது உண்மை என்று திரையின் இந்தப் பக்கம் இருப்பவருக்குத் தெரியாது. அதனால்தான் விதிகளும் தணிக்கையும் தேவைப்படுகின்றன. வேறு கடைக்குப் போனால் ஆச்சு என்று வாடிக்கையாளர் தலையில் கட்டிவிட முடியாது.

நாம் என்ன செய்யலாம்?

பணம் கட்டும் முன் பில்லை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை பாருங்கள். ஏற்கெனவே ‘டிக்’ போட்டிருக்கும் எல்லாப் பெட்டியையும் சந்தேகப்படுங்கள். இலவச டிரையலில் சேரும்போதே, எப்படி வெளியே வருவது என்றும் பார்த்துவிடுங்கள். ஏமாற்றப்பட்டதாகத் தோன்றினால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். பண மோசடி என்றால் தாமதிக்காமல் 1930.

கவுன்ட் டவுன் மிரட்டினால் இன்னொரு வழியும் உண்டு. ஓடி முடியும்வரை காத்திருந்து, ஆப்பை மூடித் திறந்து பாருங்கள். அதே விலையில் அதே ‘2 சீட்’டோடு கடிகாரம் மறுபடியும் 10 நிமிடத்திலிருந்து ஓடத் தொடங்கினால், அதையும் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.