காசநோய் இல்லை என்றால், இருமல் எதனால்?

வாரக்கணக்கில் இருமல். சளியைப் பரிசோதித்து "காசநோய் இல்லை" என்கிறார்கள். ஒரு போத்தல் பாணி மருந்தோடு வீட்டுக்கு அனுப்பினால் போதுமா? போதாது என்கிறோம் நாம்.

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றுவோர், சிறுநீரகம் மாற்றியோர், நீண்டகாலம் ஸ்டீராய்டு எடுப்போர் ஆகியோரின் நுரையீரலில் அஸ்பர்ஜிலஸ் என்ற பங்கசு தொற்றலாம். பழைய காசநோய் விட்டுச்சென்ற குழியிலும் அது வளரும். காய்ச்சல், இருமல், சளியில் இரத்தம் என அறிகுறிகள் காசநோயைப் போலவே இருக்கும். எக்ஸ்ரே மட்டும் பிரித்துக் காட்டாது. சி.டி. ஸ்கேனும், சளியிலும் இரத்தத்திலும் பங்கசுப் பரிசோதனையும் வேண்டும். தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. 2022இல் உலக சுகாதார நிறுவனம் பட்டியலிட்ட 19 பங்கசு வகைகளில் இது மிக முக்கிய பிரிவில் உள்ளது.

பங்கசு ஆய்வுகூடம் பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் இருக்கிறது. கொம்பனித்தெருவில் கடைவேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு அது கிட்ட. மஸ்கெலியா லயத்தில் இருக்கும் தாய்க்கோ ஒரு நாள் பயணம், ஒரு நாள் சம்பள இழப்பு. நோயாளியை அலைய விடாமல், மலையக வைத்தியசாலைகளிலிருந்து மாதிரிகள் தவறாமல் போய், முடிவுகள் விரைவாகத் திரும்ப சுகாதார அமைச்சு வழிசெய்ய வேண்டும்.

தோழர்களே, டொக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்: "பங்கசுக்கும் பார்த்தீர்களா?"